சுத்தம் என்றேன்

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, ஊரே சொன்னதுதான். மலாய் நாட்டில், காஜா பேராங் என்கிற பேட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு செட்டி அம்மாளுடையது. விபூதி பூசுவார், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார், ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட ஜனம், பேச்சு முழுக்க மலாய். அவரே ஒருநாள் என்னைப் பார்த்து, "உன் வாய்க்கு மட்டும் தனியாக ஒரு புருஷன் கட்டி வைக்க வேண்டும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அப்பேர்ப்பட்ட வாய், பேச வேண்டிய இடத்தில் ஒரே ஒரு தடவை பொய் பேசியது. அதை எழுதி வைக்காமல் செத்தால் என் கட்டை வேகாது.

என் வீட்டுக்காரர் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் பரப்பிப் பெரிய டாக்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளைக்கார டாக்டர் பார்க்கும் முன்பே இவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்றா இல்லையா என்று மனதுக்குள் முடிவு கட்டியிருப்பார். வருஷக்கணக்காக அப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. வாய்க்குள் வரும் புற்று என்று வந்தவை பெரும்பாலும் எஸ்டேட்டுத் தமிழ்ப் பெண்களுடையவை. அதிலும் முக்கால்வாசி இடது கன்னம்.

"ஏன் இடது?" என்று சோற்றில் கை வைத்தபடி என்னைக் கேட்டார்.

"ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் விடவில்லை. பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கினார், எஸ்டேட்டு மானேஜர்களிடம் கடிதம் வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். யார் வெற்றிலையோடு புகையிலை சேர்க்கிறார்கள், எந்தக் கன்னத்தில் அதக்குகிறார்கள், தூங்கும்போது துப்புகிறார்களா, வாய்க்குள் என்ன இருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும் என்று போனார். முதல் ஞாயிறு அட்டைகள் எல்லாம் வெறுமையாகத் திரும்பின. அன்னிய ஆம்பிளை முன்னால் எந்தப் பெண் வாயைத் திறந்து காட்டுவாள்? ஒருத்தி, "தூ, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்று கேட்டே விட்டாளாம். மனுஷன் முகம் செத்து வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அப்புறம் பாவமாகவும் இருந்தது. "அடுத்த வாரம் நான் வர்றேன்" என்றேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் வேலை முறை. லயத்து வாசலில், எஸ்டேட்டு ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு முன்னால், இரண்டு முக்காலி போடுவோம். ஒன்றில் அந்தப் பெண் உட்காருவாள், நான் டார்ச் லைட்டோடு அவள் எதிரே நிற்பேன். இன்னொன்றில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் பார்த்துச் சொல்வேன், அவர் எழுதுவார். உதடு, இடது கன்னம், வலது கன்னம், நாக்கு, நாக்கின் அடி, மேலண்ணம் என்று வரிசை தப்பாமல் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். சொல்ல வேண்டிய வார்த்தை நாலுதான்: வெள்ளை, சிவப்பு, புண், கட்டி. ஒன்றும் இல்லையென்றால் சுத்தம். அளவைச் சொல்ல அவர் ஒரு ஸ்கேலைக் கொடுத்தார். அந்தப் பொடிக் கோடுகளை எண்ண எனக்குப் பொறுமையில்லை. "எனக்குத் தெரிஞ்ச அளவுலதான் சொல்வேன்" என்று மிளகு, புளியங்கொட்டை, எலுமிச்சங்காய் என்று ஆரம்பித்தேன். அவர் அந்த மூன்றையும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் கூடையிலிருந்தும் எடுத்து அளந்து தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பழகுவதற்கு முதலில் அவர் வாயைப் பார்த்தேன், அப்புறம் செட்டி அம்மாள் வாயை. "குதிரை வாங்குகிறவள் மாதிரி பல்லைப் பார்க்கிறாயே" என்று அந்த அம்மாள் கேலி செய்தார், ஆனால் சமர்த்தாகத் திறந்தார்.

பெண்கள் என்னிடம் எல்லாம் சொன்னார்கள், வாய் நீளமாக இருப்பதில் அது ஒரு லாபம். அத்தனை ஞாயிறுகளில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

ஞாயிறு இப்படியென்றால், மற்ற நாள் சாயங்காலமெல்லாம் அவருக்குத் திடல்தான். லேப் விட்டதும் சைக்கிளை நேரே அங்கே விடுவார். டவுன் பிள்ளைகளுக்கும் எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கும் ஓட்டப் பயிற்சி. யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. சாயம் ஏற்றும்போது நேரம் பார்க்கும் லேப் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அதில்தான் பிள்ளைகளுக்கு நேரம் பார்ப்பார். "முடிவுக் கோட்டப் பாக்காதீங்க, அதுக்குப் பின்னாடி நிக்கிற மரத்தப் பாத்து ஓடுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார்.

ஓட்டத்துக்கென்றே பிறந்த ஒரு பெண்ணை அவர் கண்டுபிடித்தது ஒரு ஞாயிறு அன்று, லயத்தில். தப்பி ஓடிய கோழியைத் துரத்திப் பிடித்தாள். அவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். "கோழியவே புடிக்கிறா, பாத்தியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பதினைந்து வயது, குச்சிக் கால்கள், வெடுக்கென்ற பேச்சு. அவளுடைய அப்பா மரம் விழுந்து செத்தவர். அம்மா பால் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கத்தியால் கீறிப் பால் எடுத்து, அவளையும் இரண்டு தம்பிகளையும் வளர்த்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் அந்தப் பெண் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். திடலில் ஓடுவாள், என் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள், ஞாயிறு எங்களோடு எஸ்டேட்டுக்குத் திரும்புவாள். ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் துணி எடுத்து நான் அவளுக்கு அரைக்கால் சட்டை தைத்தேன். அவள் அம்மா அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முட்டி தெரியக் கூடாது" என்று சொல்லி, நாலு விரல் நீளம் கூட்டித் தைக்க வைத்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன், அதனால் பெண்ணுக்கு நான் சின்னம்மா ஆனேன்.

அது மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். சுதந்திரத்தை ஒட்டி டவுனில் விளையாட்டுப் போட்டி நடக்கப் போகிறது என்றார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியை இவருக்குப் பழக்கம். அந்தப் பெண் நூறு கஜத்தில் முதலாவதாக வரட்டும், என் பள்ளிக்கூடத்து விடுதியில் இடம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எம் பொண்ணு கத்தி புடிக்க வேணாமா? பெரட்டுக்கு நிக்க வேணாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வேண்டாம், விடிகிற முன்னே எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து நிற்கிற வேலையெல்லாம் அவளுக்கு இனிமேல் இல்லை என்றோம். அழுதுவிட்டாள்.

போட்டிக்கு மூன்று மாசம் இருக்கும்போது அக்கா முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். வாடிக்கையாக எல்லாரையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்போம். வாயைத் திறந்தாள். இடது கன்னத்தில் புகையிலை அதக்குகிற இடத்தில் ஒரு புண். மிளகு அளவு, ஓரம் தடித்து. அவர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்த புண் அதுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மரம் வெட்டுகிற கை, இரும்புப் பிடி. கண்ணால் கெஞ்சினாள்.

"இடது கன்னம்?" என்றார் அவர், திரும்பாமல்.

"சுத்தம்" என்றேன்.

எழுதினார். அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அப்போதுகூட, பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா விட்டால்தானே! எல்லாம் முடிந்ததும் கையைப் பிடித்து எஸ்டேட்டு மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அது என்னன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. பக்கத்து லயத்துல ரெண்டு பேரப் பாத்துட்டேன். சார்கிட்ட சொன்னீன்னா நாளைக்கே என்னச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஏத்திருவாரு. நான் பெரட்டுல நிக்கலன்னா லயத்து வீடு போயிரும். அப்புறம் எம் பொண்ணுதான் கத்திய எடுக்கணும். அவ ஓடி முடிக்கட்டும். ஓடி முடிச்ச அன்னிக்கு நானே சொல்றேன்."

"அக்கா, இது வளர்ற சாமானுக்கா. காத்திருக்காது."

"மூணு மாசந்தானே. மூணு மாசத்துல என்னா ஆயிரும்?"

அவள் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். "அணைச்சு சத்தியம் பண்ணு" என்றாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுக் கொடுக்கிற வாக்கை மீறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது எனக்கு நாலாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு கலைந்து போயிருந்தது. அக்கா என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். உள்ளங்கையால் சூடத்தை அடித்தேன், சுட்டது, அணைந்தது. அதோடு என் வாயும் கட்டிப் போயிற்று.

படித்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள், மாசக்கணக்காகப் புற்றைப் பார்த்துப் பழகியவள், ஒரு துண்டு சூடத்துக்குப் பயந்தேன். முட்டாள் என்றால் அப்படி ஒரு முட்டாள். இப்போது திட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு வயிற்றில் கையை வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அந்த மூன்று மாசம் வீட்டில் ஒரே குஷி. அவர் கடிகாரத்தைக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "பாரு, போன வாரத்துக்கு இன்னும் கொறச்சிருக்கா!" அந்தப் பெண் முன்வாசலில் உட்கார்ந்து காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டே, "சார், மரத்தையே தாண்டி ஓடிருவேன்" என்று பெருமை அடிப்பாள். செட்டி அம்மாள் அவளுக்கென்று பலகாரம் கட்டிக்கொண்டு வருவார். நான் அடுப்படியில் நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொள்வேன். எத்தனையோ தடவை "என்னங்க" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் "என்னா?" என்று திரும்புவார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அக்காவைத் தனியாகப் பிடித்து, காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு தடவை காட்டினாள். புளியங்கொட்டை ஆகியிருந்தது. நான் அவள் காலையே பிடித்தேன். "சத்தியத்தத் திருப்பிக் குடுத்துருக்கா" என்றேன்.

"அணைச்ச சூடத்த எங்கேருந்துடீ திருப்பிக் குடுக்குறது?" என்றாள். அதற்கப்புறம் காட்டவே இல்லை. கஞ்சிதான் குடிக்கிறாள் என்று மகள் சொன்னாள், பல் வலியாம்.

போட்டி நாள் வந்தது. ஊர் முழுக்கக் கொடி, தோரணம், பாண்டு வாத்தியம். மெர்டேக்கா, மெர்டேக்கா என்று சுதந்திரத்தை மலாயில் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம். அக்கா வெள்ளைச் சேலையை முகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். நான் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். துப்பாக்கி வெடித்தது. அவள் பெண் ஓடினாள். எப்படி ஓடினாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மற்றவர்கள் கோட்டுக்கு வந்தபோது இவள் மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலக் குதித்தார். குதித்துக்கொண்டே அக்காவிடம் ஓடி வந்தார். "ஜெயிச்சிட்டா! ஒங்க பொண்ணு ஜெயிச்சிட்டா!"

பக்கத்தில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அழுகின புண்ணின் வாடை. வாசனைத் தைலத்தைச் சேலைத் தலைப்பில் கொட்டியிருந்தாள் அக்கா, ஆனாலும் லேப்பில் இருக்கிறவரை ஏமாற்ற முடியுமா? அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

அக்கா சேலைத் தலைப்பை எடுத்தாள். எந்த ஆம்பிளைக்கும் வாயைக் காட்டாதவள், அத்தனை கூட்டத்தில், பட்டப்பகலில், அவருக்கு முன்னால் வாயைத் திறந்தாள். பாதிதான் திறக்க முடிந்தது.

"ஓடி முடிச்சிட்டா சார். இப்பப் பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். கழுத்தைத் தொட்டார். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து அவளுடைய அட்டையை எடுத்தார். அவர் கையெழுத்தில் 'இடது கன்னம்: சுத்தம்' என்று இருந்தது.

"அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்வளவு?"

"மொளகு."

"மொளகு" என்றார். முக்காலியில் உட்கார்ந்தார். "மொளகுன்னா வெட்டி எடுத்திருப்பாங்கம்மா. பத்து நாள்ல வீட்டுக்கு வந்திருப்பா. அவ கஷ்டத்த என்கிட்ட சொல்லியிருந்தா மானேஜர் கால்ல விழுந்தாவது அந்த லயத்து வீட்டக் காப்பாத்தியிருப்பேனே."

சூடத்தைப் பற்றிச் சொன்னேன். வயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம், இரண்டு கெட்ட வார்த்தையாவது பேசியிருக்கலாம். "இன்னும் எத்தனை அட்ட?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அந்தக் கட்டு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை ஞாயிறுகளின் உழைப்பு! எதை நம்புவது, எதைத் தள்ளுவது? "இது ஒண்ணுதாங்க. சத்தியமா இது ஒண்ணுதான்" என்றேன். சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்காவின் சதைத் துணுக்கு அவர் மேசைக்குத்தான் வந்தது. அவரே சீவினார், அவரே சாயம் ஏற்றினார், அந்தக் கடிகாரத்திலேயே நேரம் பார்த்தார். சிங்கப்பூரில் சில வாரம் வைத்திருந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். பொங்கலைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் எனக்கு மகன் பிறந்திருந்தான், கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் சூடத்தை அடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வேன்.

பெண் விடுதிக்குப் போனாள், அம்மா செத்ததும் திரும்பினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரட்டில் நின்றாள். அவர் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். "நான் ஓடுனா தம்பிங்களுக்கு யாரு சார் சோறு போடுவா?" என்றாளாம். எது நடக்கக் கூடாது என்று அக்கா வாயை மூடிக்கொண்டு செத்தாளோ, அது அப்படியே நடந்தது. அம்மாவின் கத்தி, அம்மாவின் வாளி, அம்மா வெட்டிய அதே மர நெரை.

ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்கவில்லை. அவர் ஒரு தடவை முக்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒருத்தியும் வரவில்லை. மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆனால் நான் ஒவ்வொன்றைச் சொன்னதும் எழுதுவதற்கு முன்னால், "நெசமா?" என்று கேட்க ஆரம்பித்தார். "வலது கன்னம் சுத்தம்." "நெசமா?" "நெசந்தாங்க." கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அவருக்கே தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஒரு பெண்ணுக்கு ஆறு தடவை. எத்தனை பெண்கள், எத்தனை ஞாயிறுகள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்படி.

அக்காவின் எஸ்டேட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் மகள் எங்கள் கண்ணில் படமாட்டாள், சூடத்து விஷயத்தை அக்கா சாகும் முன்னே அவளிடம் சொல்லிவிட்டாளாம். நாலைந்து வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, அவளாக வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். இருபது வயசுதான், நாற்பது போல இருந்தாள். உதட்டோரம் சிவந்திருந்தது. விடிகாலைக் குளிரில் மரத்தடியில் நிற்க அவளுக்கும் வெற்றிலை புகையிலை தேவைப்பட்டிருக்கிறது. வாயைத் திறந்தாள்.

டார்ச்சை அடித்தேன். இடது கன்னம், அதே இடம். புண் இல்லை. அதற்கு முந்தியது, வெள்ளை. புகையிலையை விட்டால் போய்விடக்கூடியது, விடாவிட்டால் அவள் அம்மாவிடம் கொண்டு போய்ச் சேர்க்கக்கூடியது. அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இடது கன்னம்?" என்றார் அவர். வந்து உட்கார்ந்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியும்.

"வெள்ளை" என்றேன். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "புளியங்கொட்டை அளவு."

நெசமா என்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வாயை மூடினாள். தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள். எழுந்து நின்று, சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு இந்த வாயி எங்க சின்னம்மா போயிருந்துச்சு?"